மறு: கிறிஸ்துமஸ் தொங்கல்களுக்கான நிதி – ஓலைக்குத் தருகிறேன், மூன்றாவது சாக்குக்குத் தரமாட்டேன்

அன்புள்ள தலைவர் அத்தானுக்கும் பொருளாளர் மாமாவுக்கும் குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பெண்கள் குழு பனை ஓலையிலும் கடற்பொருள்களிலும் கையால் செய்து விற்கும் கிறிஸ்துமஸ் மரத் தொங்கல்களுக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டு அத்தான் எழுதிய மடலுக்கு இதுவரை வந்துள்ள 11 பதில்களில் ஒன்பது பதில்கள் ஜெனரேட்டர் கணக்கைப் பற்றியே பேசுகின்றன. அந்தக் கணக்கில் என் தகப்பனார் பெயரும் அடிபடுவதால் அதில் நான் தலையிடவில்லை. தொங்கல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் என் தங்கை குவைத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தாள். குழு உட்கார்ந்து வேலை செய்யும் பழைய வலைக்கொட்டகையில் சுவரோரமாக மூன்று சாக்குகள் இருந்தனவாம். ஒன்றில் சவுக்குக் காய், இன்னொன்றில் மட்டி ஓடும் கிளிஞ்சலும். மூன்றாவது சாக்கில் வெளுத்துப்போன பவளக் கொத்துகளும், காய்ந்து விறைத்த பதினைந்து இருபது கடற்குதிரைகளும் கிடந்தன. அவற்றில் ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, சுருண்ட வாலில் சலங்கை மணி ஒன்றையும் கோத்து, மரத்தில் மாட்டத் தயாராக வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, தனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றும் சொன்னாள்.

நான் பெண்களைக் குறை சொல்லவில்லை. பாசி எடுக்கப் போகிறவர்களின் காலில் இடறியதும், வலையில் மீனோடு சிக்கி வந்ததும்தான் அந்தச் சாக்குக்குள் போயிருக்கின்றன. ஆனால் பவளம், கடற்குதிரை, கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டுவிட்டன. பிடித்ததா பொறுக்கியதா, உயிருள்ளதா காய்ந்ததா என்று அங்கே பேதம் கிடையாது. முதல் அட்டவணையில் உள்ளதைக் கையில் வைத்திருந்தாலே மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. நம் மன்னார் வளைகுடாக் கடலிலுள்ள தீவுகளோ 1986 முதல் தேசியப் பூங்கா. கடல் அட்டை வழக்கில் வாய்தா வாய்தாவாக அலைந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆண்கள் அலைந்தது போதாதென்று இப்போது கிறிஸ்துமஸ் மரத்தின் பெயரால் பெண்களையும் அலையவிட வேண்டுமா? சங்குகளில் எல்லாமே தடை இல்லை என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று சாக்கில் கைவிட்டுப் பொறுக்கும் நமக்குப் பிரித்துச் சொல்லத் தெரியுமா? நாம் தின்று கழித்த மட்டியின் ஓடு போதும்.

பாட்டன் காலத்தில் பவளக் கல்லால் வீடே கட்டினோம், இன்று ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன என்று சிங்கப்பூர் மாமா கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரிலும் காரை பெயர்ந்த இடத்தில் அந்தப் பூக்கல் தெரியும். சிறு வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அப்படி வெட்டி வெட்டித்தான், மாமா, சட்டம் வந்தது. மேலும், விற்பனை அட்டையில் 'தலைமுறைகளாகத் தொடரும் மரபு' என்று அச்சிடப் போவதாக அவர் எழுதியிருப்பதும் சரியல்ல. நம் வீடுகளில் குடிலும் காகித ஸ்டாரும் உண்டு. மரம் வைத்துத் தொங்கல் மாட்டுவது நேற்று வந்த பழக்கம். நமக்கு மரபாக வந்தது ஓலை மட்டுமே. குருத்து ஞாயிறுக்குச் சிலுவை பின்னிய அதே கைகள்தான் கிலுகிலுப்பையும் பந்தும் பின்னின.

ஓலையைப் பற்றி நான் சூடுபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து திரும்பும்போது அறுபது ஓலை ஸ்டார்களும் ஒரு கட்டுச் சவுக்குக் காயும் பெர்த்துக்குக் கொண்டுவந்தேன். ஆஸ்திரேலியாவுக்குள் தாவரப் பொருள் எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால் அறிவித்தேன். பரிசோதகர் பெட்டியைத் திறந்ததுமே சவுக்குக் காய்களிலிருந்து இறக்கை வைத்த பொடி விதைகள் மேசையெல்லாம் உதிர்ந்தன. கட்டு அப்படியே போயிற்று. ஸ்டார்களை விட்டுவிட்டார்கள். வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் மடிப்புகளுக்குள் மிளகுப்பொடி தூவியது போலப் பூஞ்சை பிடித்திருப்பதைக் கண்டேன். பங்குக் கோயிலில் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்ததால், பல் துலக்கும் பிரஷால் இரவெல்லாம் தேய்த்தேன், பதினேழுதான் தேறின.

பின்னியவர் மேல் குற்றமில்லை. ஓலை வெட்டிய மாதம் தப்பு. விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கை நீக்கி, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயவிட்டால்தான் அது பாலாடை நிறத்துக்கு வெளுத்து, ஈரம் விட்டு, கெடாமல் நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது எப்படிக் காயும்? பனையேறிகள் பதநீருக்காக மரம் ஏறும் பங்குனி சித்திரையிலேயே, சாயல்குடிப் பக்கம் முன்பணம் கொடுத்து, மரத்துக்கு ஒரு குருத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்தால், பின்னுவதைப் பிறகு ஆற அமரச் செய்யலாம். கார்த்திகையில் பணம் கேட்டு மார்கழியில் பொருள் அனுப்புவது நடக்கிற காரியமல்ல.

குழு இப்போது ஓலையில் செய்வது, ஜெர்மனியில் காகிதக் கீற்றால் செய்யும் ஸ்டார். நான்கு கீற்றுகளை இரண்டாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றதைக் கோத்துச் சதுரமாக இறுக்கி, பிறகு முனைகளை மடக்கிச் செருகினால் பதினாறு முனை வரும். காணொளியைப் பார்த்துப் பழகினார்களாம். என் அம்மாச்சி ஓலைப் பந்துக்குப் போட்ட முடிச்சும் ஏறக்குறைய இதுதான். காகிதத்துக்கு இல்லாத ஒரு சங்கடம் ஓலைக்கு உண்டு: முனையைத் திருப்பும்போது ஓலை காய்ந்திருந்தால் நரம்போடு பிளந்துவிடும். ஆகவே கீற்றுகளை ஈரத் துணியில் சுற்றி வைத்தே எடுக்க வேண்டும். பின்னி முடித்த பின் மறுபடியும் ஒரு வெயில் காட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போடவே கூடாது. என் அறுபதும் கெட்டது அந்த உறையில்தான். சிறு கிலுகிலுப்பைகளுக்குள் குன்றிமணி போடுகிறார்கள் என்று தங்கை சொன்னாள். அது விஷ விதை, குழந்தைகள் கைக்குப் போகும் பொருள். பொடிக் கூழாங்கல் போட்டால் அதே சத்தம் வரும்.

இனி பொருளாளர் மாமாவுக்கு ஒரு கணக்கு. மடலில் ஸ்டார் ஒன்றுக்கு விலை 250 ரூபாய் என்று இருக்கிறது. பின்னுகிறவருக்குக் கிடைப்பது 15 ரூபாய் என்று அவர்களே தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் மணிக்கு 45 ரூபாய். மீதி 235 ரூபாயில் ஓலை எவ்வளவு, தபால் எவ்வளவு, கோயில் எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள். ஜெனரேட்டருக்கு மூன்று பக்கம் எழுதிய தெற்குத் தெரு அண்ணன் இதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும், அப்பாவின் அடக்கத்தன்று அவர் பாம்பனில் இருந்துகொண்டே வராததைப் போலவே, நான் மறக்கப்போவதில்லை.

என் 5,000 ரூபாயில் பாதி, கையிருப்பு ஓலையில் இந்த ஆண்டு ஊர்க் குடிலுக்கு மட்டும் பின்னுகிறவர்களுக்கு, ஸ்டாருக்கு 60 ரூபாய் வீதம் போக வேண்டும். மறு பாதி பங்குனியில் சாயல்குடி முன்பணத்துக்கு. மூன்றாவது சாக்கைப் பங்குச் சாமியார் வழியாக வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அத்தான் இங்கே எழுதிய மறுநாள் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கிணற்றடி வீட்டு மூத்தவள்,
பெர்த்