லெட்சுமி மறுபடியும் கன்னு தள்ளிடுச்சு

முருகன்: லெட்சுமி விடிகாலைல கன்னு தள்ளிடுச்சுமா. ஆறு மாசம். போன வருசமும் இதே மாதிரிதான், மனசே சரியில்ல

சாந்தி: ஐயோ அண்ணே. மொதல்ல பசியாறுனீங்களா? இது கண்ணு பட்டதுதான், பக்கத்து தாமான் (குடியிருப்பு) ஆளுங்க வந்து வந்து மாட்ட போட்டோ எடுக்கிறப்பவே நினைச்சேன்

முருகன்: சினை ஊசி போட்டவன் சரியில்லையோன்னு தோணுது

கவிதா: சித்தப்பா கன்ன எங்கயும் தூக்கி போட்டுறாதீங்க!! கையுறை போட்டுகிட்டு பிளாஸ்டிக் பையில கட்டி ஐஸ் பெட்டில வைங்க, ஃப்ரீசர் வேணாம், மூளை கெட்டுடும், லேப்ல அததான் வெட்டி பாப்பாங்க. வெறுங்கையால தொடாதீங்க, புரூசெல்லான்னு கன்னு தள்ள வைக்கிற கிருமியா இருந்தா நம்மளுக்கும் ஒட்டும்

முருகன்: சரிமா. வெட்டினரி ஆபீசுக்கு தினேஷ் கொண்டு போறான்

(ரெண்டு வாரம் கழிச்சு)

தினேஷ்: ரிசல்ட் வந்துருச்சு. புரூசெல்லா இல்ல. நியோஸ்போரான்னு போட்டுருக்கு, கன்னு மூளைலயும் இருக்காம். என்னா அது

கவிதா: ஒட்டுண்ணி, கண்ணுக்கு தெரியாது. 1984ல நார்வேல நாய்க்குட்டிங்ககிட்டதான் மொதல்ல பாத்தாங்க, 1988ல பேரு வெச்சாங்க, நாய் பீயிலதான் முட்டை மாதிரி வெளிய வருதுன்னு 1998லதான் தெரிஞ்சுச்சு. அது புல்லுலயோ தண்ணித் தொட்டிலயோ விழுந்து மாடு தின்னா மாட்டுக்கு. அஞ்சாறு மாச சினைல தள்றது இதோட வேலை. சினை ஊசி போட்டவர திட்டாதீங்க பாவம். காளை மூலமா வர்ற ஒட்டுண்ணி வேற ஒண்ணு இருக்கு, ஆனா அதுல பெரும்பாலும் சினை ஆரம்பத்துலயே கலைஞ்சிடும்

தினேஷ்: நாய் எங்கேர்ந்து வாங்குது

கவிதா: நஞ்சுக்கொடி, செத்த கன்னு, பச்ச கறி

தினேஷ்: 😬 போன வருசம் நஞ்சுக்கொடிய நம்ம நாய் பிரவுனிதான் தின்னுச்சு. சத்துன்னு நானும் விட்டுட்டேன்

முருகன்: ஏன்டா சொல்லல

கவிதா: அவன திட்டாதீங்க சித்தப்பா, லெட்சுமிக்கு அம்மாகிட்டேர்ந்தே வந்துருக்கலாம். வயித்துலயே கன்னுக்கு போயிடும், கன்னு நல்லாதான் பொறக்கும், பாத்தா ஒண்ணும் தெரியாது. அவ அம்மாவும் ஒரு தடவ தள்ளுச்சுன்னு சொன்னீங்கல்ல

முருகன்: ஆமா. அப்ப நான் வெயில்னு நினைச்சேன். மருந்து என்ன?

கவிதா: மருந்து இல்ல, கடைல வாங்கி போட்டுட்டு நிம்மதியா தூங்குற மாதிரி தடுப்பூசியும் இல்ல. அதான் இதுல எரிச்சல். எல்லா பசுவுக்கும் ரத்தம் எடுங்க, மீனாவுக்கு முக்கியமா, அது லெட்சுமி மவதானே. இருந்துச்சுன்னா அத வளத்து சினை போடாதீங்க, பெருகிகிட்டே போகும்

சாந்தி: அப்ப பால குடிக்கலாமா, நான் நேத்துகூட தைர் போட்டேன் 😟

கவிதா: குடிங்க அத்த, மனுசங்களுக்கு இதால நோய் வந்ததா இல்ல. எப்பவும்போல காய்ச்சி குடிங்க

தினேஷ்: பாட்டி வாய்ஸ் அனுப்ப தெரியாம என்னைய டைப் பண்ண சொல்றாங்க: "எங்கப்பா ஊர்ல இருந்தப்ப மாடு போட்ட நஞ்ச வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவாங்களாம், நாய் வாயி படக்கூடாதுன்னு. எஸ்டேட்டுக்கு வந்தப்புறம் எவன் செஞ்சான்"

கவிதா: பாட்டி 😲 நான் நாலு வருசம் படிச்சது இதுதான்

முருகன்: இங்க ஆலமரத்துக்கு எங்க போறது, சுத்தி செம்பனைதான் நிக்கிது

கவிதா: பொதைச்சிடுங்க போதும், ஆழமா. தீவனத்தையும் தண்ணித் தொட்டியையும் மூடி வைங்க

முருகன்: மூணு அடி குழி தோண்டி வெச்சிட்டேன், சிவகாமிக்கு அடுத்த மாசம்தான் கன்னு. பிரவுனி இப்பவே அதுல எறங்கி படுத்துருக்கான்

கவிதா: பொதைச்சப்புறம் மேல கல்லு வைங்க சித்தப்பா, பெருசா