இரண்டாம் பகுதியில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் கழித்து விடையைப் பார்ப்பீர்கள்?

எறும்புவரிசை எழுதியது:

வணக்கம். அட்வென்ட் ஆஃப் கோட் (டிசம்பர்தோறும் இணையத்தில் வரும் நிரல் எழுதும் புதிர்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி, பகுதிக்கு ஒரு நட்சத்திரம்) போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி.

நான் ஒன்பது வருடமாக டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே உடைகிறது என்று தேடுவதுதான் என் வேலை. முதல் வரியிலிருந்து நானே எழுதுவது இந்தப் புதிர்களில் மட்டும்தான், அதனால் இவை எனக்கு ரொம்ப முக்கியம். எங்கள் டீமில் ஏழு பேர். 2025 டிசம்பரில் தனி லீடர்போர்டு (எங்களுக்குள் ஒரு மதிப்பெண் பட்டியல்) வைத்துக்கொண்டு 12 புதிர்களையும் சேர்ந்து போட்டோம். முடிந்த பிறகும் விட மனசில்லை. வாரத்துக்கு ஒரு பழைய புதிர் என்று பேசி வைத்து 2021-ஐ எடுத்தோம். இப்போது ஆறாம் நாளில் நிற்கிறேன், மீன் புதிர்.

போடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண் உண்டு. அது தினமும் ஒன்று குறையும். 0-இல் இருக்கும் மீன் மறுநாள் 6-க்குத் திரும்பும். கூடவே 8 என்ற எண்ணோடு ஒரு குஞ்சு பிறக்கும். மாதிரியில் 3,4,3,1,2 என்று ஐந்து மீன்கள். 80 நாள் கழித்து எத்தனை என்பது முதல் பகுதி. பைத்தானில் ஒரு லிஸ்ட், மீனுக்கு ஓர் எண், சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். மாதிரிக்கு 5934 சரியாக வந்தது. எனக்குக் கிடைத்த 300 மீன்களுக்கும் விடை வந்தது. முதல் நட்சத்திரம் கையில்.

இரண்டாம் பகுதியிலும் அதே கேள்விதான், 256 நாள் கழித்து எத்தனை? 80-ஐ 256 ஆக்கி ஓட்டினேன். 140-ஆம் நாள் வரை பரவாயில்லை. அப்புறம் ஒரு நாள் நகர நிமிடக் கணக்கில் ஆனது. 170-ஐத் தாண்டியதும் கணினி அப்படியே உறைந்துவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாயிற்று.

டீமில் மூன்று பேர் முடித்துவிட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. 2020-இன் 13-ஆம் நாள் பேருந்துப் புதிரில் நாலு ராத்திரி முட்டிவிட்டு ஒருவருடைய விடையைப் பார்த்தேன். 'சீன எச்சத் தேற்றம்' என்று இருந்தது, வகுத்தால் வரும் மீதிகளை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கு. அதற்கு ஒரு லைப்ரரி ஃபங்ஷன் இருந்தது, எடுத்துப் போட்டேன், நட்சத்திரம் வந்தது. இன்றைக்கு அதே புதிரைக் கொடுத்தால் எனக்குப் போடத் தெரியாது. அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

அதனால் நிரல் வேண்டாம். நீங்கள் எவ்வளவு நேரம் முயன்றுவிட்டு விடையைப் பார்ப்பீர்கள்? பார்த்தால் எதைப் பார்ப்பீர்கள்?

பழைய விசைப்பலகை எழுதியது:

2015-இல் எரிக் வாஸ்ட்ல் இதைத் தொடங்கிய முதல் டிசம்பரிலிருந்து போடுகிறேன். நேரக்கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 'என் வழி ஏன் நடக்காது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வருகிற வரை அடுத்தவர் விடையைத் திறக்க மாட்டேன். 'கணினி உறைந்துவிட்டது' என்பது நடந்ததைச் சொல்வது. ஏன் உறைந்தது என்பதை இன்னும் நீங்கள் எழுதவில்லை.

அந்த வாக்கியத்தை எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். புதிரிலேயே மாதிரிக்கு 256-ஆம் நாள் விடை கொடுத்திருக்கிறது: 26984457539. கோடியில் படியுங்கள், கிட்டத்தட்ட 2698 கோடி மீன்கள். அதுவும் வெறும் ஐந்து மீன்களில் தொடங்கி! பைத்தான் லிஸ்டில் ஓர் இடத்துக்கு 8 பைட். பெருக்கிப் பார்த்தால் 200 ஜிபிக்கு மேல். உங்களிடம் இருப்பது 300 மீன். பெரிய கணினி வாங்கினாலும் தீராது என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. பத்து வருடப் பழைய கணினியிலும் 15 வினாடிக்குள் முடிகிற ஒரு தீர்வு எல்லாப் புதிர்களுக்கும் உண்டு என்று அந்தத் தளத்தின் 'அபௌட்' பக்கத்தில் எரிக் எழுதியிருக்கிறார். நான் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அந்த வரியைத்தான் நினைத்துக்கொள்வேன். நம் நிரல் ஒரு மணி நேரம் ஓடுகிறது என்றால் வேகம் போதவில்லை என்று அர்த்தமில்லை. கேட்காத எதையோ செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் புதிரில் கேட்டது என்ன? மீன்களின் பட்டியலையா கேட்டார்கள்?

சரி, ஒரு வேலை சொல்கிறேன். புதிரில் 18-ஆம் நாள் வரிசை முழுதாக அச்சிட்டிருக்கிறது, 26 எண்கள். அதைத் தாளில் கையால் எழுதுங்கள். எழுதும்போதே ஏதாவது அலுப்பாக இருந்தால், எது அலுப்பாக இருக்கிறது என்று கவனியுங்கள். அதற்கு மேல் சொன்னால் உங்கள் நட்சத்திரத்தை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

அவசரப்படாதீர்கள். முன்பெல்லாம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவில் புதிர் திறந்த சில நிமிடங்களிலேயே முதலில் முடிப்பவர்களுக்கான உலக லீடர்போர்டின் நூறு இடங்களும் நிரம்பிவிடும். அதைப் பார்த்துத் தங்களுக்குத் திறமை இல்லை என்று ஒதுங்கிய நல்ல நிரலாளர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். 2025-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பழைய புதிர்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஒரு மாதம் ஆனாலும் உங்கள் மீன்கள் அங்கேயே இருக்கும்.

மீதி எவ்வளவு எழுதியது:

மீனைப் பற்றி நான் பேசவில்லை. அந்தப் பேருந்து நட்சத்திரத்துக்காக வந்தேன், அது உறுத்துகிறது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தேற்றத்தை முன்பே படித்திருந்தால்தான் பெயர் தெரியும். நாலு ராத்திரியில் யாரும் அதை உட்கார்ந்து கண்டுபிடித்துவிட முடியாது, அதற்காக வருத்தப்படாதீர்கள். ஆனால் அது இல்லாமலே போடலாம். மாதிரியை எடுங்கள்: 7,13,x,x,59,x,31,19. 7 என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும் பேருந்து, x என்றால் அந்த நிமிடத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு நேரம் வேண்டும். அப்போது 7 கிளம்ப வேண்டும், ஒரு நிமிடம் கழித்து 13, நாலு நிமிடம் கழித்து 59, இப்படியே போகும்.

முதல் இரண்டு பேருந்துகளை மட்டும் பாருங்கள். 7-இன் மடங்குகளாக ஏறிக்கொண்டே போனால் 77-இல் பொருந்துகிறது, ஏனென்றால் 78 என்பது 13-இன் மடங்கு. அடுத்தது எங்கே? 168-இல். இடைவெளி 91, அதாவது 7 × 13. இனிமேல் ஏழு ஏழாக ஏற வேண்டியதே இல்லை. 91 தாண்டினால் முதல் இரண்டும் எப்போதும் பொருந்தியே இருக்கும். 77, 168, 259, 350. 350-இல் நில்லுங்கள்: நாலு கூட்டினால் 354, அது 59 × 6. மூன்றே தாண்டலில் மூன்றாவது பேருந்தும் பிடிபட்டது. அடுத்த தாண்டல் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

பேருந்து எண்கள் எல்லாம் பகா எண்களாக இருப்பதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது. 31-ஐயும் 19-ஐயும் நீங்களே கையால் போட்டுப் பாருங்கள், 1068781-இல் போய் நிற்க வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

எனக்கு வேறு கருத்து. நான் 45 நிமிடம் பார்ப்பேன், அதற்கு மேல் வீட்டு வேலை விடாது. பிறகு விடையைத் திறந்து நிதானமாகப் படிப்பேன். படிப்பதும் கற்றுக்கொள்வதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் வைத்திருக்கிறேன்: படித்ததை மூடிவிட்டு, மறுநாள் காலிக் கோப்பில் ஒரு வரிகூடப் பார்க்காமல் எழுதுவேன். எழுத வராவிட்டால் நட்சத்திரத்துக்கு விடையை அனுப்ப மாட்டேன். 2022-இன் 11-ஆம் நாள் குரங்குப் புதிரை அப்படி மூன்று நாள் எழுதினேன். அதில் மலைபோல வளரும் எண்களை எதனுடைய மீதியாகச் சுருக்கினால் போதும் என்பதை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

எறும்புவரிசை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வந்துவிட்டது!

நேற்று இரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 6,0,6,4,5,6,0,1,1,2 என்று எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் 8,8,8,8 என்று நாலு தடவை எழுதும்போது கை நின்றது. இந்த நாலு மீனும் ஒரே நாளில் பிறந்தவை, இனி எல்லா நாளும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அப்புறம் எதற்கு நாலு முறை எழுத வேண்டும்? 26 எண்களையும் தரம் பிரித்துக் கோடு போட்டேன். 0 மூன்று, 1 ஐந்து, 2 மூன்று, 3 இரண்டு, 4 இரண்டு, 5 ஒன்று, 6 ஐந்து, 7 ஒன்று, 8 நாலு. மொத்தம் ஒன்பது பெட்டிதான். மீன் 2698 கோடி ஆனாலும் பெட்டி ஒன்பதுதான். ஒரு நாள் போவது என்றால் எல்லாப் பெட்டியும் ஓர் இடம் இறங்குவது. 0-இல் இருந்தவை 6-இலும் 8-இலும் சேர்வது.

முதலில் எழுதியது தப்பு. நாலாம் நாளில் ஒன்பது மீன் இருக்க வேண்டும், எனக்கு எட்டுதான் வந்தது. வேலைப் பழக்கத்தில் ஒவ்வொரு நாளாகப் புதிரில் இருக்கும் வரிசையோடு ஒப்பிட்டேன். 7-இலிருந்து 6-க்கு இறங்கிய ஒரு மீன் ஏற்கெனவே அங்கே இருந்தது. திரும்பி வந்தவற்றை அதோடு கூட்டாமல் அதன் மேலேயே எழுதியிருந்தேன். ஒரு கூட்டல் குறி போட்டதும் 26, 5934, 26984457539 மூன்றும் வரிசையாகப் பொருந்தின. அந்தக் கடைசி எண் திரையில் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். என்னுடைய 300 மீன்களுக்கு 13 இலக்க எண் வந்தது, கண் இமைக்கும் நேரத்தில்.

பழைய விசைப்பலகை கேட்ட வாக்கியம்: ஒன்றுபோல இருக்கும் மீன்களை நான் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தேன்.

2020-இன் பேருந்துக் கோப்பை அழித்துவிட்டேன். இரவுப்பணி சொன்னபடி காலிக் கோப்பு. இப்போது 350-இல் நிற்கிறேன், தாண்டல் 5369. 31-ஐத் தேடிப் போகிறேன்.