ஐடி கம்பெனியும் நிருபரும்: பேச்சு முறியும் இடங்கள்
(நான்கு பேர் புனைபெயரில் பேசிக்கொள்வது)

மேசைக்காரன்:
"ஆஃப் தி ரெக்கார்ட்" (இது எழுதுவதற்கு அல்ல) என்று சொல்லிவிட்டால் போதும் என்று கம்பெனி ஆட்கள் பலர் நம்புகிறார்கள். போதாது. பேசுவதற்கு முன்பே சொல்ல வேண்டும், நிருபர் "சரி" என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எல்லாம் பேசி முடித்துவிட்டு "இதைப் போட்டுடாதீங்க" என்றால் அது வேண்டுகோள்தான்.

2014 நவம்பரில் ஊபர் மாட்டியது இங்கேதான். நியூயார்க்கில் ஒரு விருந்து. தங்களைத் தாக்கி எழுதும் நிருபர்களின் சொந்த வாழ்க்கையைத் தோண்ட, பத்து லட்சம் டாலர் செலவில் ஆள் வைக்கலாம் என்கிற ரீதியில் பேசினார் அதன் மூத்த அதிகாரி எமில் மைக்கேல். விருந்தில் பேசுவது வெளியே போகாது என்பது அவர் நினைப்பு. பஸ்ஃபீட் செய்தித் தளத்தின் ஆசிரியர் பென் ஸ்மித்தை அழைத்து வந்தவரோ அந்த நிபந்தனையை அவரிடம் சொல்லவே இல்லை. ஸ்மித் எழுதிவிட்டார். மைக்கேல் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

எம்பார்கோவும் (குறித்த நேரத்துக்கு முன் செய்தியை வெளியிடக் கூடாது என்ற கட்டு) இப்படித்தான். தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டு மெயில் வந்துவிட்டதாலேயே யாரும் கட்டுப்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஒப்புக்கொண்டு பதில் போட்டால்தான் கட்டு. போடும்போது தேதி, மணி, எந்த ஊர் மணி என்று மூன்றையும் எழுதுங்கள். கலிபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்கு இரவு 10.30.

பிஆர் பக்கம்:
கம்பெனியின் மக்கள்தொடர்பு (பிஆர்) ஆட்களான எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். இரவு 8 மணிக்குக் கேள்வி, 9 மணிக்குக் கெடு என்றால் பதில் எங்கிருந்து வரும்? தயாரிப்புக் குழு, சட்டப்பிரிவு, பன்னாட்டு நிறுவனமானால் அமெரிக்கத் தலைமையகம், மூன்று கதவையும் தட்ட வேண்டும். 24 மணி நேரமாவது கொடுங்கள். "உங்கள் ஆப் பற்றி ஒரு செய்தி" என்று மொட்டையாகக் கேட்காமல், குற்றச்சாட்டுகளை எண் போட்டு எழுதுங்கள். இன்னொன்று: "கருத்துக் கூற மறுத்தனர்" வேறு, "பதில் வரவில்லை" வேறு.

மேசைக்காரன்:
24 மணி நேரம் கொடுத்தால், அதே விஷயத்தைப் பூசி மெழுகி வேறொரு பத்திரிகைக்குக் கொடுத்து முந்திக்கொள்கிற கம்பெனிகளும் உண்டே! நிருபர் கெடுவைச் சுருக்குவது பெரும்பாலும் இதனால்தான்.

பூட்டும் சாவியும்:
தகவல் கசிந்தது எப்படி என்று தேடுவதில்தான் நிஜமான சண்டை. 2006-இல் கணினி நிறுவனமான எச்.பி. அமர்த்திய துப்பறிவாளர்கள் வேறொருவர்போல நடித்து நிருபர்களின் தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். 2022-இல் டிக்டாக்கின் தாய் நிறுவனம் பைட்டான்ஸ், தன் ஊழியர்கள் சிலர் நிருபர்களின் ஐபி முகவரிகளை (இணைய இணைப்பின் எண், இருக்கும் இடத்தைத் தோராயமாகக் காட்டும்) பார்த்ததாக ஒப்புக்கொண்டது. நிருபரும் கம்பெனி ஊழியரும் ஒரே இடத்தில் இருந்தார்களா என்று ஒப்பிடத்தான். ஆகவே எந்த ஆப் பற்றி எழுதுகிறீர்களோ, அதை வேலை போனில் வைக்காதீர்கள்.

ஆவணத்தைக் கொடுப்பவர் மாட்டுவது சின்னச் சின்ன விஷயத்தில். அலுவலக லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தாலும் ஃபார்வர்ட் செய்தாலும் பதிவாகும். ஸ்கிரீன்ஷாட்டும் பல இடங்களில் பதிவாகிறது. சொந்த போனில் திரையைப் படமெடுக்கலாம். ஆனால் திரையிலேயே மங்கலாக ஊழியர் எண் ஓடும் நிறுவனங்கள் இருக்கின்றன. படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால், லொகேஷன் பதிவாகியிருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

இதைவிட மோசமானது வாசகப் பொறி. ஒரே சுற்றறிக்கையை ஆளுக்கு ஒரு காற்புள்ளி, ஒரு சொல் மாற்றி அனுப்புவார்கள். அதை அப்படியே படமாகப் போட்டீர்களோ, கொடுத்த ஆள் காலி. சாரத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிடிஎஃபில் கறுப்புப் பெட்டி வைத்து மறைக்கவும் வேண்டாம், அடியில் இருக்கும் எழுத்தைக் காப்பி எடுத்துவிடலாம்.

வரிக்குதிரை:
எதிர்ப்பக்க ஆபத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்: போலி ஆவணம். 2022 அக்டோபரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பற்றி தி வயர் செய்தித் தளம் வெளியிட்ட செய்திகள் நினைவிருக்கும். உள்மின்னஞ்சல் என்று ஒன்றைக் காட்டி, அதன் டிகேஐஎம் கையொப்பத்தை (மெயில் எந்த டொமைனிலிருந்து, அதாவது எந்த இணையப் பெயரிலிருந்து வந்தது என்று காட்ட, அனுப்பும் சர்வர் போடும் மின்கையொப்பம்) சோதித்ததாக வீடியோவும் போட்டார்கள். சோதித்ததாகச் சொல்லப்பட்ட வல்லுநர்களே மறுத்தபின், அதே மாதம் செய்திகளைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்தவர் திரையில் ஓடும் சோதனை சோதனையே அல்ல.

முறை இதுதான். ஃபார்வர்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். மூல மின்னஞ்சலை இஎம்எல் (.eml) கோப்பாகவே வாங்குங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' பகுதியில் இறக்கலாம். தலைப்பகுதியில் டிகேஐஎம் வரியில் டொமைனும் செலக்டரும் (எந்தச் சாவி என்று காட்டும் பெயர்) இருக்கும். அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடு) உள்ள பொதுச்சாவியோடு உங்கள் கணினியிலேயே ஒப்பிடுங்கள். நிறுவனம் சாவியை மாற்றிப் பழையதை எடுத்துவிட்டிருந்தால் பழைய மெயில் தேறாது. நடுவில் ஒரு லிஸ்ட் சர்வர் (ஒரு மெயிலைக் குழு முழுக்க அனுப்புவது) அடிக்குறிப்பு சேர்த்திருந்தாலும் தேறாது. தேறினாலும், அந்த டொமைனிலிருந்து வந்தது, கையொப்பமிட்ட பகுதி மாறவில்லை என்பது மட்டுமே நிரூபணம். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது தனிக் கதை.

பிஆர் பக்கம்:
மேசைக்காரன் சார், 10.30 கணக்கு அங்கே குளிர்காலத்துக்கு மட்டும். மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9.30. நவம்பரில் பழைய நினைப்பில் 9.30-க்குப் போட்டு எம்பார்கோவை உடைத்துவிட்டு, அடுத்த முறை மெயிலே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் வருஷாவருஷம் இருக்கிறார்கள்.