ஜெர்மனியிலிருந்து 640 யூரோ அனுப்பினார்கள், கைக்கு வந்தது குறைவு. அடுத்த பில்லை எந்த வழியில் வாங்குவது?

காலண்டர்காரன், சிவகாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடம் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் டிசைன் போட்டவன். இப்போது வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்கிறேன். ஜெர்மனியில் ஒரு சிறுவர் புத்தகப் பதிப்பகத்துக்கு அட்டையும் உள்ளே பன்னிரண்டு படமும் வரைந்து கொடுத்தேன். பேசியது 640 யூரோ.

முதலில் ஐபேன் நம்பர் கேட்டார்கள், ஐரோப்பாவில் வங்கிக் கணக்குக்குக் கொடுக்கும் எண்ணாம். எங்கள் கிளையில் போய்க் கேட்டால், அங்கே இருந்தவர் பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐ.எஃப்.எஸ்.சி. தானே?" என்றார். இரண்டு நாள் அலைந்து கடைசியில் வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு வாங்கி அனுப்பினேன்.

ஆறாம் நாள் பணம் வந்தது. வங்கி கொடுத்த தாளில் 618 யூரோ என்று இருக்கிறது. 22 யூரோ எங்கே போனது? அன்றைக்கு கூகுளில் ஒரு யூரோ 98 ரூபாய், வங்கி போட்டது 95.60. அதிலும் 106 ரூபாய் ஜிஎஸ்டி கழித்து, கணக்கில் ஏறியது 58,974. அதே தாளில், பணம் எதற்காக வந்தது என்ற குறியீட்டில் பி1301, குடும்பப் பராமரிப்பு என்று வேறு இருக்கிறது. ஜெர்மனியில் எனக்கு எந்தச் சித்தப்பாவும் இல்லை!

அடுத்த வாரம் இரண்டாவது பில் போட வேண்டும். எந்த வழி நல்லது? அந்த பி1301-ஐ அப்படியே விட்டுவிடலாமா?

சப்டைட்டில் அக்கா, கோவை:

தம்பி, அந்த 22 யூரோ திருட்டுப் போகவில்லை. இரண்டு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் இன்னொரு வங்கி வழியாகப் பணம் வரும், அது தன் கூலியை அதிலேயே எடுத்துக்கொள்ளும். அனுப்புகிறவர்கள் படிவத்தில் 'அவர்' என்று தேர்வு செய்தால் எல்லாக் கட்டணமும் அவர்கள் தலையில். இது நம்ம அவர் இல்லை, ஆங்கில அவர் (OUR). 'ஷேர்டு' என்று போட்டால் உனக்கு வருவதில் கழியும். முதல் பில்லிலேயே இதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நானும் மூன்றாவது பில்லில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நடுவங்கி எடுத்தது மட்டுமில்லை, மாற்று விகிதத்திலும் போயிருக்கிறது, கவனித்தாயா? 618ஐ 2.40ஆல் பெருக்கிப் பார், 1,483 ரூபாய் வரும். 22 யூரோ ஏறக்குறைய 2,150. அந்த ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஒரு பில்லுக்கு மொத்தம் 3,700 ரூபாய்க்கு மேல்.

இந்தியாவில் ஐபேன் கிடையாது, அதைக் கேட்டு வங்கிக்கு அலையாதே. பயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவையில் யூரோ கணக்கு விவரம் கொடுப்பார்கள், அதில் ஐபேன் உண்டு. பதிப்பகம் உள்ளூரில் அனுப்புவது மாதிரி அதற்கு அனுப்பிவிடலாம், நடுவங்கி வராது. அங்கிருந்து ரூபாயாக மாற்றும்போது கொஞ்சம் கழியும், அதையும் கணக்கில் வை. இல்லையென்றால் பதிப்பகத்துக்கே வைஸ் என்ற இணையவழிப் பணச் சேவையில் வணிகக் கணக்கு இருக்கிறதா என்று கேள். நான் சின்ன பில்லுக்கு ஒன்று, பெரிய பில்லுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

அவசரப்பிறவி, சென்னை:

எதுக்கு இவ்வளவு யோசனை? பேபால் போதுமே. மெயில் ஐடி கொடுத்தால் வேலை முடிந்தது.

சப்டைட்டில் அக்கா, கோவை:

சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பணத்துக்கு 4.4 சதவீதம் மாதிரி எடுக்கிறார்கள். 640க்கு அதுவே 28 யூரோ. மாற்று விகிதத்தில் தனியாகப் போகும். ஐம்பது டாலர் வேலைக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை, மதுரை:

நண்பரே, பணம் குறைந்ததைவிட அந்த பி1301 முக்கியம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது. நீங்கள் வாங்கியது சேவை ஏற்றுமதிக்கான கூலி. நாளைக்கு 20 லட்சம் தாண்டி ஜிஎஸ்டி பதிவு எடுத்தால், ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்று காட்ட அந்நியச் செலாவணி வந்ததற்குச் சான்று வேண்டும். குடும்பப் பராமரிப்பு என்றிருக்கும் தாளை வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது. பதிவு எடுத்தபின், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழியான எல்.யு.டி.யை ஒவ்வொரு நிதியாண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. மறந்துவிடுகிறார்கள்.

இப்போதே இன்வாய்ஸ் நகல், பதிப்பகத்தின் மெயில், ஒரு கடிதம், மூன்றையும் கிளையில் கொடுங்கள். குறியீட்டை மாற்றி, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றான எஃப்.ஐ.ஆர்.சி. தரச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு பி0802. உங்கள் வேலைக்குப் பொருந்துவதை வங்கியில் பட்டியலைக் கேட்டுப் பார்த்து, இனி இன்வாய்சிலேயே அச்சடித்துவிடுங்கள். அந்த 106 ரூபாய் சரிதான்: மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவை மதிப்பாக வைத்து அதற்கு 18 சதவீதம். ஒரு லட்சம் வரை இந்தக் கணக்கு, குறைந்தபட்சம் 45 ரூபாய்.

காலண்டர்காரன், சிவகாசி:

அக்கா, சார், ரொம்ப நன்றி. இன்று கடிதம் கொடுத்தேன். கிளையில் முடியாதாம், மதுரைக்கு அனுப்பி வைக்கிறார்களாம், பத்து நாள் ஆகும் என்றார்கள். நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். பதிப்பகத்துக்கு மெயில் போட்டேன், வைஸ் வணிகக் கணக்கு இருக்கிறதாம். இரண்டாவது பில்லில் கட்டணம் பற்றிய வாசகத்தைச் சேர்த்துவிட்டேன். அக்கா, 'அவர்' என்று தமிழில் எழுதவில்லை, பயப்படாதீர்கள்.