புதுப்பிப்பு: கண் முகாம் பஸ்ஸில் இந்த முறை 23 பேர்

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எங்கள் ஊர் அரிமா சங்கத்தின் (லயன்ஸ் கிளப்) இலவசக் கண் முகாமில் பரிசோதனைக்குக் கூட்டம் வருகிறது, கண்புரை ஆபரேஷனுக்கு பஸ் ஏறச் சொன்னால் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று. "ஏற்கெனவே செய்துகொண்டவர்களைப் பேசவிடுங்கள்" என்றீர்கள் சிலர்.

அதையே செய்தோம். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு, போன வருஷம் லென்ஸ் வைத்துக்கொண்ட ஒரு பெரியம்மாவை அழைத்துப்போனோம். வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். எங்கள் நோட்டீஸ்கள் செய்யாததை அந்த ஊசி செய்தது.

பயத்தைவிடப் பெரிய தடை ஆடு மாடுதான் என்பதும் அங்கேதான் தெரிந்தது. யார் தண்ணீர் காட்டுவது? சரி என்று சங்கத்துப் பையன்கள் ஆளுக்குச் சில வீடுகள் என்று அந்த வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

இரண்டு பேருக்குச் சர்க்கரை அதிகம் என்று ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த முகாமுக்குள் குறைய வேண்டும்.

1925-இல் அரிமா மாநாட்டில் பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக உதவி கேட்டதிலிருந்து இது எங்கள் சங்கங்களின் முக்கியமான வேலை. அப்புறம், கட்டுப் பிரித்த அன்று ஒரு பாட்டி முதலில் பார்த்தது தன் கையைத்தான். "இவ்வளவு சுருங்கிப்போச்சா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தினமும் போய்ச் சொட்டு மருந்து விட்டு வருகிறோம்.