லேபில் உங்களுக்குப் பாடம் எடுத்தது யார்? திசு, ஸ்லைடு, ஸ்கேனர் அனுபவங்கள்

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். திசு ஸ்லைடுகளை (மெலிதாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிய திசு) கணினியில் அலசும் ஆராய்ச்சி வேலைக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஸ்லைடு என்றால் எனக்கு ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். 40 மடங்கில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் சுமார் 0.25 மைக்ரான், நீளம், அகலம் ஒவ்வொன்றும் லட்சம் பிக்சல் வரை போகும்.

அப்போது மார்பகப் புற்றுநோய் ஸ்லைடுகளில் கி-67 எண்ணிக்கொண்டிருந்தோம். பெருகும் செல்களின் கருவில் இருக்கும் புரதம் அது. சாயமிட்டால் அந்தக் கரு பழுப்பாகும், மற்றவை நீலம். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்பதே கேள்வி. (ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்ததால் ‘கி’, 67 என்பது ஆய்வுத் தட்டில் இருந்த குழியின் எண்.)

ஒரு மே மாதம் கணக்கு உதைத்தது. ஒரே பிளாக் (மெழுகில் பதித்த திசு), அதிலிருந்து அடுத்தடுத்து வெட்டிய இரண்டு ஸ்லைடு. ஒன்றில் 14 சதவீதம், இன்னொன்றில் 22. மூன்று வாரம் என் புரோகிராமைக் குடைந்தேன். நிறத்தைச் சரிசெய்தேன், ஸ்கேனர்காரரை வரவழைத்தேன். ம்ஹூம்.

மைக்ரோடோமில் (திசுவை மெலிதாக வெட்டும் மெஷின்) உட்காரும் அண்ணன்தான் கேட்டார், “என்னம்மா, முகமே சரியில்லையே?” ஸ்லைடுகளைக் கொடுத்தேன். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார், அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இது தடிமன்மா. அந்த வாரம் ஏசி ரிப்பேர்ல. பிளாக்கை ஐஸ்லயே வெச்சு வெச்சு வெட்டினேன், அப்பவும் மெழுகு இளகிடுச்சு. ஒண்ணு மெலிசா வரும், அடுத்தது மொத்தையா வரும்.”

தடித்த வெட்டில் கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலே பழுப்பு, அடியில் நீலம் என்றால் என் புரோகிராம் இரண்டையும் சேர்த்து ஒரே பழுப்பாக எண்ணிவிட்டது. மைக்ரோஸ்கோப் என்றால் ஃபோகஸைத் திருகி மேலும் கீழும் பார்க்கலாம். எங்கள் ஸ்கேனர் தந்தது ஒரே தளம்.

இப்போது என் டேட்டா ஷீட்டில் ‘வெட்டியவர் குறிப்பு’ என்று ஒரு பத்தி உண்டு. கட்டுரையில் ஆசிரியர்களோடு அண்ணன் பெயரும் வர வேண்டும் என்று சண்டை போட்டேன். கடைசியில் நன்றியுரையில் ஒரு வரிதான் கிடைத்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பதில் 1

நான் நோயியல் மருத்துவர். எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வரும் இன்ஜினியர்கள் முதல் நாளே கேமலியான்16 போட்டியைச் சொல்லி மிரட்டுவார்கள்: நிணநீர்க் கணுக்களில் பரவிய புற்றைக் கண்டுபிடிப்பதில் கணினி 11 மருத்துவர்களை முந்திவிட்டதாம். 129 ஸ்லைடை 2 மணி நேரத்தில் பார்க்கச் சொன்னால் யாரும் தடுமாறத்தான் செய்வார்கள், ஐயா! நேரக்கெடு இல்லாமல் பார்த்த ஒருவர் நல்ல அல்காரிதங்களுக்கு ஈடாக வந்தார். அவருக்கு ஆனது சுமார் 30 மணி நேரம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் சொல்வீர்கள்.

பதில் 2

டெக்னீஷியன். முதல் பதிவு போட்ட மேடத்துக்கு ஒரு கும்பிடு. எங்க இடத்துல நிலைமை வேற. ஸ்லைடு மேல கவர்ஸ்லிப்பை (மெல்லிசு மூடிக் கண்ணாடி) ஒட்டுற டிபிஎக்ஸ் பசை காயறதுக்கு முன்னாடியே ஸ்லைடை ஸ்கேனர்ல போடச் சொல்லி ஒருத்தர் அவசரப்படுத்தினார். கவர்ஸ்லிப் வழுக்கி உள்ளே மாட்டிக்கிச்சு. மெஷின் 4 நாள் படுத்துடுச்சு. இப்போ ராத்திரி முழுக்க காயவிட்டுத்தான் தர்றேன். யாரும் வாயே திறக்கிறதில்ல.