முன்மொழிவா, யூசர் ஸ்டோரியா? சங்கத்துக்கு எதைக் கொடுப்பது?

பரந்தன்சந்தி:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் நெல் கொள்வனவுக்கு மென்பொருள் கேட்கிறது. இப்போது எல்லாம் கொப்பியும் கார்பன் துண்டும்தான். நாங்கள் மூன்று பேர். நிர்வாகக் குழு, "புரொப்போசல் தாங்கோ, கூட்டத்தில் வைக்கவேணும்" என்கிறது. கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்த எங்கள் ஆள், "இப்ப ஆர் புரொப்போசல் எழுதுகிறான், யூசர் ஸ்டோரி காணும்" என்கிறார். அதாவது, பாவிக்கிறவருக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று அவர் பக்கம் நின்று எழுதும் ஓரிரு வரி. மாசியில் காலபோக அறுவடை மும்முரமாகிவிடும். எதை எழுதட்டும்?

குளக்கட்டு:
தம்பி, குழு கேட்பதைக் கொடுங்கோ. காசை விடுவிக்கிறவர்களுக்கு ஏன், எவ்வளவு, எப்ப முடியும், எது இதில் அடங்காது என்பவை தெரியவேண்டும். ஸ்டோரிக் கட்டை வைத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேற்ற முடியாது. ஆனால் வன்னியில் முன்மொழிவு என்றவுடன் என்ஜிஓ காலத்துக் கை தானாக ஓடும்: பின்னணி, குறிக்கோள், பயனாளிகள், இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. மூன்று பக்கத்தோடு நிறுத்துங்கோ. முதல் போகத்துக்கு நெல் ஏற்பதும் துண்டு கொடுப்பதும் மட்டும். உரம், கடன் எல்லாம் பிறகு.

செட்டிகுளம்_அக்கா:
எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஸ்டோரி ஒன்றும் எழுதாமல் விலையை எப்படிச் சொல்வது? முதலில் தராசடியில் ஒரு நாள் நில்லுங்கள், ஐந்தாறு ஸ்டோரி எழுதுங்கள், அதை வைத்து முன்மொழிவில் தொகையைப் போடுங்கள். ஆனால் அவற்றை முன்மொழிவோடு இணைக்கவேண்டாம். இணைத்தால் ஒவ்வொரு வரியும் ஒப்பந்தமாகிவிடும், ஒன்றைக்கூட மாற்ற விடமாட்டார்கள். மென்பொருளாளர் ரொன் ஜெஃப்ரீஸ் 2001இல் யூசர் ஸ்டோரிக்குச் சொன்னது அட்டை (ஸ்டோரியை எழுதும் சிறு அட்டை), உரையாடல் (கேட்டவரோடு பேசித் தெளிவது), உறுதிப்படுத்தல் (வேலை சரியா என்று பார்க்கும் சோதனை) என்ற மூன்றையும். நம் ஆட்கள் அட்டையை நிரப்பிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

பரந்தன்சந்தி:
நன்றி அக்கா. ஒன்று எழுதிப் பார்த்தேன்: "சங்க உறுப்பினராக, உள்ளே போவதற்கு எனக்கு லொகின் வேண்டும்." சரியா?

குளக்கட்டு:
எந்தக் கமக்காரர் லொகின் கேட்டார்? இப்படிப் பாருங்கோ: "நெல் கொண்டுவந்த கமக்காரராக, நிறையும் கழிவும் தனித்தனியே போட்ட துண்டு அந்த இடத்திலேயே வேண்டும், வீட்டில் கணக்குச் சரிபார்க்க." அட்டையின் பின்பக்கம் சோதனைகள்: ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு கழித்தது என்று துண்டில் தெரியவேண்டும், வெறுஞ்சாக்கின் நிறை தனியாகக் கழியவேண்டும், கரண்ட் நின்றாலும் துண்டு வரவேண்டும். கழிவு விகிதத்தை நீங்கள் ஊகிக்கவேண்டாம். முகாமையாளரிடமும் தராசுக்காரரிடமும் தனித்தனியே கேளுங்கோ, இரண்டு பதில் வரும்.

செட்டிகுளம்_அக்கா:
அந்தக் கரண்ட் வரி சின்னதாகத் தெரியும், ஆனால் விலையைக் கூட்டுவது அதுதான். நெட் இல்லாமல் பதிவதும், பிறகு இரண்டு கணக்கையும் பொருத்துவதும் தனி வேலை. அதற்கான நாட்களை முன்மொழிவிலேயே போடுங்கள்.

பரந்தன்சந்தி:
ஓம், பற்றரியில் ஓடும் பிரிண்டரும் வேண்டிவரும். அதை ஆர் வாங்குவது?

குளக்கட்டு:
சங்கம். "இதில் அடங்காதவை" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக எழுதுங்கோ, பேப்பர் ரோலையும் சேர்த்து. எழுதாவிட்டால் உங்கள் தலையில்தான் விழும்.